நீதான் என் வாசகர் கூட்டம்

என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் நாற்பது, ஐம்பது இன்லண்டு கடிதங்கள். கல்லூரி முடித்து ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போன பிறகு ஒரு நண்பன் எனக்கு எழுதியவை. நான் அவனுக்கு எழுதியவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை. வீடு மாறியபோது எங்கோ போய்விட்டன என்றான். ஒரு கடிதத்தை அவன் இப்படித் தொடங்கியிருக்கிறான்: "நீ அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இருந்தாலும் பதில் சொல்கிறேன்." தாள் மடிப்பின் ஓரம் வரைக்கும் நெருக்கி நெருக்கி எழுதிய பதில் அது. நான் என்ன கேட்டேன் என்பது எனக்கு நினைவில்லை. அவனுக்கும் நினைவில்லை.

அந்தத் தாளைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு ஆங்கிலக் கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் நினைவு வரும். அவர் தன் நண்பரும் கவிஞருமான ராபர்ட் பிரிட்ஜஸுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிய கடிதங்கள் 1935இல் நூலாக வந்தன. பிரிட்ஜஸ் அவருக்கு எழுதியவை ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. வினாத்தாள் தொலைந்துபோன விடைத்தாளைப் படிப்பது போன்ற அனுபவம் அது. ஆனால் என்ன விடைகள்!

விக்டோரியா காலக் கவிஞர்களின் கடிதங்கள் என்றதும் எல்லோரும் பிரௌனிங் தம்பதியரைத்தான் சொல்வார்கள். 1845 ஜனவரியில் ராபர்ட் பிரௌனிங், முன்பின் பார்த்திராத எலிசபெத் பாரெட்டுக்கு "உங்கள் கவிதைகளை முழு மனத்துடன் நேசிக்கிறேன்" என்று எழுதித் தொடங்கியது, அடுத்த ஆண்டு செப்டம்பரில் ரகசியத் திருமணத்தில் முடிந்தது. இடையில் 573 கடிதங்கள். இருவர் எழுதியதும் பத்திரமாக இருக்கிறது; ஒரே ஒரு கடிதத்தைத்தான் பிரௌனிங் எரித்தார். அழகான கடிதங்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காதல் நிறைவேறிய காதல். என்னைத் தூங்கவிடாமல் செய்தவை ஹாப்கின்ஸின் கடிதங்கள்தான். ஒரு மகாகவிக்கு உயிரோடு இருந்த காலத்தில் தபால்பெட்டியைத் தவிர வேறு பதிப்பகம் இருக்கவில்லை என்பதை அவை சொல்கின்றன.

இருவரும் 1844இல் பிறந்தவர்கள். 1863இல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்து நண்பர்கள் ஆனார்கள். 1866இல் ஹாப்கின்ஸ் கத்தோலிக்கராக மாறினார். இரண்டு ஆண்டுகளில் கத்தோலிக்கத் துறவியர் அமைப்பான இயேசு சபையில் சேர்ந்தார். சேர்வதற்கு முன், துறவுக்குக் கவிதை இடையூறு என்று நினைத்து, எழுதியவற்றை எரித்தார். பிரிட்ஜஸ் மருத்துவம் படிக்கப் போனார். ஒருவர் எங்கே எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதைச் சபை முடிவு செய்யும். மற்றவர் லண்டன் மருத்துவமனையில். இனிமேல் நட்பு என்றால் கடிதம்தான்.

அந்த நட்பு தொடக்கத்திலேயே ஒருமுறை அறுந்தது. 1871 ஆகஸ்ட். பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசு வீழ்த்தப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. சபையின் கல்லூரி இருந்த ஸ்டோனிஹர்ஸ்டிலிருந்து ஹாப்கின்ஸ் எழுதினார்: "சொல்லவே அச்சமாக இருக்கிறது, ஒருவகையில் நான் ஒரு கம்யூனிஸ்ட்." மிகச் செல்வச் செழிப்பான ஒரு நாட்டில், அந்தச் செல்வத்தை உண்டாக்குகிற மக்களே கண்ணியமும் அறிவும் வசதியும் மகிழ்ச்சியும் நம்பிக்கையும் இல்லாமல் வாழ்வது கொடுமை என்று அந்தக் கடிதம் தொடர்கிறது. பிரிட்ஜஸ் பதில் போடவில்லை. இரண்டரை ஆண்டுகள் மௌனம். 1874 ஜனவரியில், பிரிட்ஜஸின் கவிதை நூலுக்கு வந்த மதிப்புரை ஒன்றைப் பார்த்த பிறகு, ஹாப்கின்ஸ்தான் மறுபடியும் எழுதினார். அந்தச் சிவப்புக் கடிதத்துக்காக இவ்வளவு கோபித்துக்கொண்டது மிகை, என் அன்புள்ள பிரிட்ஜஸ் என்றார். தான் சொன்ன கருத்தைத் திரும்பப் பெறாமலே ஒருவர் நட்பைத் திரும்பக் கேட்கும் கடிதம் அது. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நான் இழந்த மனிதர்கள் உண்டு.

இனி கப்பலுக்கு வருகிறேன்.

1875 டிசம்பரில், ஜெர்மனியின் பிரெமனிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட 'டாய்ச்லாண்ட்' என்ற கப்பல், தேம்ஸ் முகத்துவாரத்துக்கு வெளியே பனிப்புயலில் மணல்திட்டில் மோதியது. இறந்தவர்களில் ஐந்து பேர் கன்னியாஸ்திரிகள். கத்தோலிக்கத் துறவியருக்கு எதிரான சட்டங்களால் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள். ஹாப்கின்ஸ் அப்போது வேல்ஸில் இறையியல் படித்துக்கொண்டிருந்தார். செய்தியைப் படித்து அவர் மனம் கலங்கியதைப் பார்த்த தலைமைக் குரு, இதைப் பற்றி யாராவது ஒரு கவிதை எழுதினால் நன்றாக இருக்கும் என்றார். ஏழு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. 35 பத்திகள், பத்திக்கு எட்டு வரிகள். அதுவரை ஆங்கிலம் கேட்டிராத ஓசை. அசைகளை எண்ணி அடுக்குவதை விட்டுவிட்டு, அழுத்தம் விழும் இடங்களை மட்டும் எண்ணும் சந்தம். வேல்ஸ் மொழி கற்றபோது அவர் காதில் விழுந்த மெய்யெழுத்து ஒத்திசைவுகளும் அதில் கலந்திருந்தன. மோனையும் எதுகையும் கேட்டு வளர்ந்த காது நமக்கு இருப்பதால்தானோ என்னவோ, முதல் வாசிப்பில் பொருள் பிடிபடாதபோதும் அந்தக் கவிதை என்னை வெளியே தள்ளவில்லை.

இயேசு சபையின் மாத இதழ் முதலில் கவிதையை ஏற்றுக்கொண்டது. பிறகு அச்சிடத் துணியாமல் கைவிட்டது. 1877இல் அது பிரிட்ஜஸிடம் போனது. அவர் என்ன எழுதினார் என்பதை ஹாப்கின்ஸின் பதிலிலிருந்துதான் அறிகிறோம். ஆகஸ்ட் 21ஆம் தேதிக் கடிதம்:

"எவ்வளவு பணம் கொடுத்தாலும் என் கவிதையை மறுபடியும் படிக்க மாட்டேன் என்கிறாய். இருந்தாலும் படி என்று கெஞ்சிக் கேட்கிறேன். பணம் தவிர, அன்பு என்றும் ஒன்று இருக்கிறது அல்லவா?"

இந்த வரியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே நடக்கப் போய்விட்டேன். எழுதியதை நெருங்கிய நண்பனே தூக்கி எறியும்போது ஒருவருக்கு எத்தனை விதமாகப் பேசத் தோன்றும்! சீறலாம், உனக்குக் கவிதை தெரியாது என்று சொல்லலாம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வானிலையைப் பற்றி எழுதலாம். அவர் அன்பை நினைவூட்டினார். புரியாத இடத்தில் பொருளுக்காக அலட்டிக்கொள்ளாதே, நன்றாகப் புரிகிற பத்திகளைக் கவனி என்று வழியும் சொன்னார்.

அதே கடிதத்தில் கெஞ்சல் மட்டும் இல்லை. பிரிட்ஜஸ் அந்தக் கவிதையைப் பகடி செய்து சில வரிகள் எழுதி அனுப்பியிருக்கிறார். உன் பகடியைப் பார்த்ததும் சந்தம் உனக்குப் புரிந்திருக்கிறது என்று நிம்மதி அடைந்தேன் என்கிறார் ஹாப்கின்ஸ். நான் எடுத்துக்கொள்ளும் உரிமைகள் எல்லாம் உண்மையில் விதிகள். உன்னைவிட, எனக்குத் தெரிந்த எவரையும்விட, நான் கண்டிப்பானவன் என்கிறார். ஏன் இந்தச் சந்தம்? பேச்சின் இயல்பான தாளத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்பதால். பிறகு வருகிறது, என்னைப் பொறுத்தவரை அந்த நூற்றாண்டின் மிகத் துணிச்சலான வாக்கியம்: எதையும் மாற்ற எண்ணமில்லை, ஏன் மாற்ற வேண்டும்? "நான் பொதுமக்களுக்காக எழுதவில்லை. நீதான் என் வாசகர் கூட்டம். உன்னை மதம் மாற்றிவிடலாம் என்று நம்புகிறேன்."

ஒரே ஒரு வாசகர். அவருக்கும் பிடிக்கவில்லை. அதற்காக ஒரு வரியையும் மாற்றுவதாக இல்லை.

அடுத்த ஆண்டு, மூழ்கிய இன்னொரு கப்பலான யூரிடிசியைப் பற்றி எழுதி அனுப்பியபோதும் பழைய வழக்கே தொடர்ந்தது. கண்ணால் அசட்டையாகப் படிக்காதே. காகிதமே உன்னை நோக்கி முழங்குவது போல நினைத்துக் காதால் படி என்கிறார் ஹாப்கின்ஸ். இன்று அவருடைய கவிதைக் கோட்பாடு என்று பாடப்புத்தகங்களில் இருப்பதில் பெரும்பகுதி இப்படிப் பிறந்ததுதான். கட்டுரை எழுத உட்கார்ந்து எழுதியது குறைவு. பிடிவாதமான ஒரு நண்பனுக்கு விளக்கம் சொல்லப் போய் எழுதியதே மிகுதி. பிரிட்ஜஸ் முதல் கடிதத்திலேயே "ஆகா, அற்புதம்" என்று எழுதியிருந்தால் இவற்றில் பாதி எழுதப்பட்டிருக்காது. 1882இல் ஒரு கடிதம். உன் வரிகளில் வால்ட் விட்மனின் சாயல் இருக்கிறது என்று பிரிட்ஜஸ் சீண்டியதற்கான பதில். நீண்ட மறுப்பு அது. ஆனால் நடுவில் ஒப்புக்கொள்கிறார்: உயிரோடிருக்கும் வேறெந்த மனிதருடைய மனத்தையும்விட விட்மனின் மனம்தான் என் மனத்தைப் போன்றது என்று உள்ளுக்குள் எப்போதுமே அறிந்திருந்தேன், அவர் பெரிய போக்கிரி என்பதால் இதைச் சொல்வது இனிமையாக இல்லை. ஒரு குரு இப்படி ஒரு வாக்குமூலத்தை வேறு யாரிடம் கொடுத்திருப்பார்?

பிரிட்ஜஸை மந்தபுத்திக்காரர் என்று திட்டுவது ஹாப்கின்ஸ் வாசகர்களிடையே ஒரு வழக்கம். நானும் திட்டியிருக்கிறேன். பிறகு, அந்தக் கவிதை கைக்கு வந்த காலத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்த்தேன். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மருத்துவர். ஓர் ஆண்டில் தான் பார்த்த நோயாளிகளை அவரே கணக்கிட்டு அறிக்கை எழுதியிருக்கிறார்: 30,000க்கும் மேல். ஒருவருக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அந்த நெருக்கடியிலிருந்து அறைக்குத் திரும்பும் மனிதரின் மேசையில் 280 வரி, புயல், புதிர், இறையியல். அவருக்குக் கத்தோலிக்கமும் பிடிக்காது. ஆனாலும் படித்தார், சண்டை போட்டார், பகடி எழுதும் அளவுக்குச் சந்தத்தைக் கற்றுக்கொண்டார். வந்த கவிதைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்.

மூன்றாவதாக ஒருவரும் இருந்தார். ரிச்சர்ட் வாட்சன் டிக்சன், ஆங்கிலிக்கத் திருச்சபைப் பாதிரியார். ஹாப்கின்ஸ் படித்த பள்ளியில் சில காலம் ஆசிரியராக இருந்தவர். அவருடைய கவிதைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1878 ஜூனில் ஹாப்கின்ஸ் அவருக்கு, பழைய மாணவன் என்ற ஒரே உரிமையில், ஒரு கடிதம் எழுதினார். துறவியானால் சொந்தமாகப் புத்தகம் வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் நூல்கள் எங்கள் நூலகங்களிலும் கிடைக்காது. அதனால் சபையில் சேரும்போது உங்கள் கவிதைகளைக் கையால் படியெடுத்து என்னுடன் வைத்துக்கொண்டேன் என்று. தன் கவிதைகளை எரித்துவிட்டுப் பிறருடைய கவிதைகளைப் படியெடுத்துக்கொண்டு போன மனிதர்! பெயரும் புகழும் இல்லாமல் கிராமத்துத் தேவாலயத்தில் நடுவயதைக் கழித்துக்கொண்டிருந்த டிக்சன், உங்கள் கடிதம் என்னை அடியோடு உலுக்கிவிட்டது என்று பதில் எழுதினார். பிறகு ஹாப்கின்ஸின் கவிதைகளைப் பார்த்தார், உடனே வியந்தார். அவற்றில் ஒன்றை உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்ப அவர் ஆசைப்பட்டபோது ஹாப்கின்ஸ் பதறிப்போய்த் தடுத்தார். சபைக்குத் தெரியாமல் அச்சில் வரக்கூடாது. ஆக, வாசகர் கூட்டம் இரண்டு பேரானது.

1884இல் சபை அவரை டப்ளினுக்கு அனுப்பியது, கிரேக்கப் பேராசிரியராக. வேலையின் பெரும்பகுதி தேர்வுத்தாள் திருத்துவது. முதல் பியூனிக் போரைப் பற்றிய 331 விடைகளைத் திருத்தி வற்றிப்போனதாகப் பிரிட்ஜஸுக்கு எழுதுகிறார். உடல் நலம் இல்லை, சுற்றிலும் அயர்லாந்தின் அரசியல் கொந்தளிப்பு, நடுவில் ஓர் ஆங்கிலேயர். 1885 மே மாதக் கடிதத்தில் வருகிறது: நெடுநாள் மௌனத்துக்குப் பிறகு இரண்டு சானெட்டுகள் (பதினான்கு வரிக் கவிதைகள்) எழுதியிருக்கிறேன், எதுவாவது ரத்தத்தால் எழுதப்பட்டது என்றால் அவற்றில் ஒன்று அப்படி எழுதப்பட்டது. செப்டம்பரில்: விரைவில் சில சானெட்டுகளை அனுப்புவேன், அவற்றில் நான்கு, அழைக்காமலே, என் விருப்பத்துக்கு எதிராகவே வந்தவை.

அவர் அனுப்பவில்லை.

இருபது ஆண்டுகள் எதையும் தபாலில் போட்டுவிடும் மனிதர், இவற்றை மட்டும் தன் காகிதங்களுக்குள் வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று இருளில் விழித்துக் கிடக்கும் ஓர் இரவைப் பற்றியது. அதில் தன் புலம்பலை அவர் இப்படிச் சொல்கிறார்: எண்ணற்ற கூக்குரல்கள், ஐயோ, தொலைவில் வாழும் மிக அன்பான அவருக்கு அனுப்பிய சேராக் கடிதங்கள் போன்ற கூக்குரல்கள். உரியவரிடம் சேர்க்க முடியாமலும் அனுப்பியவருக்குத் திருப்ப முடியாமலும் தபால் நிலையத்தில் தங்கிவிடும் கடிதங்களை நம்மூர்த் தபால்காரர்களும் டெட் லெட்டர் என்றுதான் சொல்வார்கள். ஹாப்கின்ஸ் எழுதியதும் அதே சொல். அந்த 'அவர்' கடவுள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாழ்க்கை முழுவதையும் கடிதங்களில் வாழ்ந்த ஒருவருக்கு, பதில் வராத கடவுளைச் சொல்லவும் தபால் நிலையம்தான் உவமையாகக் கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தக் கவிதையும் உறையில் இடப்படாமலே கிடந்தது.

கடைசிக் கவிதை மட்டும் போய்ச் சேர்ந்தது. 1889 ஏப்ரல் 22 என்று தேதியிட்ட சானெட். தலைப்பே பிரிட்ஜஸின் பெயரின் முதலெழுத்துகள். ஊக்கம் என்ற அந்த ஒற்றைப் பேரின்பம் தனக்கு வருவதில்லை, அதனால்தான் என் வரிகளில் நீ எதிர்பார்க்கும் எழுச்சி இல்லை என்று, சில பெருமூச்சுகளோடு நண்பனுக்குத் தரும் விளக்கம் அது. ஏப்ரல் 29ஆம் தேதிக் கடிதத்தோடு அதை அனுப்பினார். இன்று எனக்கு உடம்பு சரியில்லை, பரவாயில்லை, மனம் நன்றாக இருக்கிறது என்று தொடங்கும் கடிதம். டைபாய்டு. ஜூன் 8ஆம் தேதி இறந்தார். வயது 44.

அடுத்த சில நாட்களில் பிரிட்ஜஸ் டிக்சனுக்கு எழுதினார்: அன்பு ஜெரார்ட் அளவுக்கு மீறி உழைத்தார், மகிழ்ச்சியற்று இருந்தார், பெரிதாக எதையும் செய்திருக்கவும் மாட்டார் என்பதெல்லாம் ஆறுதல் தரவில்லை. பெரிதாக எதையும் செய்திருக்க மாட்டாராம். பெரும்பாலான கவிதைகள் தன் அலமாரியில் இருக்கும்போது இதை எழுதுகிறார். அதே கையால், சபையிடமிருந்து திரும்பி வந்த தன் கடிதங்களையும் அழித்தார். காலம் முழுவதும் ஹாப்கின்ஸ் யாரோடு வாதாடினாரோ அந்தக் குரல் அப்படித்தான் போனது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்பது தெரியும். இருந்தாலும் அவை அவருடைய கடிதங்கள் மட்டும் என்று நான் எண்ணவில்லை, பாதி ஹாப்கின்ஸுடையவை.

ஆனால் கவிதைகளை அவர் விடவில்லை. தொகை நூல்களில் ஒன்றிரண்டாகச் சேர்த்து, காதுகளைப் பழக்கினார். 29 ஆண்டுகள் காத்திருந்தார். அது மிக நீண்ட காலம் என்பவர்களோடு நான் சண்டைக்கு வர மாட்டேன். 1918இல், அரசவைக் கவிஞராக, 74 வயதில், ஹாப்கின்ஸின் கவிதைகளை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக வெளியிட்டார். நூல் ஹாப்கின்ஸின் தாய்க்குக் காணிக்கை. அவர் அப்போது உயிரோடு இருந்தார், 97 வயது. 750 பிரதிகள், அவை விற்றுத் தீரப் பத்து ஆண்டுகள் ஆயின. இரண்டாம் பதிப்பு 1930இல் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் பிரிட்ஜஸ் இறந்தார்.

அந்த முதல் பதிப்பின் முன்னுரையையும் குறிப்புகளையும் படித்தால், ஹாப்கின்ஸ் நம்பிய மதமாற்றம் நடக்கவே இல்லை என்பது தெரியும். விசித்திரம், தெளிவின்மை என்று நண்பரின் குற்றங்களைப் பிரிட்ஜஸ் வரிசைப்படுத்துகிறார். கப்பல் கவிதையை, உள்ளே யாரையும் விடாமல் வாசலில் சுருண்டு கிடக்கும் டிராகன் என்கிறார். நேருக்கு நேர் மோதி நானே கேவலமாகத் தோற்றேன், நீங்கள் சுற்றிக்கொண்டு போங்கள் என்று வாசகருக்கு அறிவுரை சொல்கிறார்.

அதே முன்னுரையில், கையெழுத்துப் பிரதிகளைப் பற்றிய வறண்ட விவரங்களுக்கு நடுவில் ஒரு செய்தி இருக்கிறது. ஹாப்கின்ஸ் தன் கவிதைகளுக்குச் சுத்தமான பிரதி எடுத்து வைப்பதில் அக்கறையற்றவர். டாய்ச்லாண்ட் கவிதையின் மூலக் கையெழுத்து தொலைந்துபோனதாகத் தெரிந்தது. 1883இல், அவர் கேட்டுக்கொண்டபடி, பிரிட்ஜஸ் அந்தக் கவிதையைத் தன்னிடம் இருந்த பிரதியிலிருந்து ஒரு புது நோட்டில் படியெடுத்தார். 35 பத்திகள், 280 வரிகள், தன் கையால். பிறகு அந்த நோட்டு ஹாப்கின்ஸிடம் போனது. நண்பரின் கையெழுத்தில் இருந்த தன் கவிதையை அவர் படித்து, ஆங்காங்கே திருத்தினார்.